பென்சிலால் எழுதிய வரிசை

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகிச் சில வாரங்களில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, எந்தக் கற்கைநெறி முதலாவது, எது இரண்டாவது என்று விண்ணப்பத்துக்கு வரிசை போட வேண்டும். முதலில் கொப்பித் தாளில் பென்சிலால் எழுதுவோம். மாமா ஒன்றை அழிப்பார். அடுத்த வீட்டு அண்ணா இன்னொன்றை மேலே ஏற்றுவார். மூன்றாம் நாள் அந்தத் தாள் அழிறப்பர் பட்டு மெலிந்து, பின்பக்க எழுத்துத் தெரியும். பேனையால் எழுதும் நேரம் பிள்ளை உண்மையாக விரும்பியது எத்தனையாம் இடத்தில் நின்றது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

2001 முதல் தெரிவு இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுப்பார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். இது பிள்ளையின் கையில் இல்லை. விருப்ப வரிசை முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது.

அங்கேதான் பிழை நடக்கும். “கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்” என்ற பேச்சு ஊரில் இன்னும் உண்டு. அது தவறு. மேலே எழுதியதற்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கீழே உள்ளதற்கு ஒரு குறையும் வராது. ஆனால் பயத்தில் இலேசானதை முதலில் போட்டால், புள்ளி போதுமாக இருந்தாலும் மேலானது கிடைக்காது. மருத்துவத்தை மட்டும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிவிட்டுக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டு, தசமதானத்தில் தவறி வீட்டில் இருந்தவர்களும் உண்டு. எண்ணிக்கைக்காகக் கடைசியில் எழுதிய, மனமில்லாத பாடமும் ஆபத்துத்தான். அது கிடைத்துப் பதிந்துவிட்டால், மறுபடி விண்ணப்பிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மொறட்டுவைக் கட்டடக்கலை போன்றவற்றுக்குத் தனி உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. அதன் திகதியைத் தவறவிட்டால் எந்த இசட் புள்ளியும் உதவாது.

பத்தொன்பது வயதில் பிறர் எழுதிய வரிசையோடு கப்பலேறியவர்கள் எங்களில் பலர். அந்தத் தாளை நாற்பது வயதில் திரும்ப எழுதலாம் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொழிற்சாலை இரவு வேலையிலிருந்து மின்வேலைக்கு மாற நினைப்பவரை எடுத்துக்கொள்வோம். கட்டுமான, பராமரிப்பு மின்வேலைக்கான 309ஏ என்ற பிரிவுக்கு 9,000 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். அதில் 840 வகுப்பறை, மீதி 8,160 வேலைத்தளம். வாரம் 40 மணி என்றால் ஏறக்குறைய நாலரை வருடம். முதல் படி கல்லூரி இல்லை. பயிற்சியாளராக எடுக்கும் முதலாளியைத் தேடுவது. அது கிடைத்த பிறகுதான் மாகாணத்தில் பயிற்சி ஒப்பந்தம் பதிவாகும். ஊர்ச் சான்றிதழ் தொலைந்திருந்தால், அந்தத் தேடல் தொடங்கும்போதே பத்தரமுல்லைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

வகுப்பு மூன்று கட்டமாக வரும். அந்த வாரங்களில் சம்பளம் நின்றுவிடும். தகுதியுள்ளவர்களுக்கு அரசின் வேலைக் காப்புறுதி, ஓர் உச்ச எல்லைக்கு உட்பட்டு, சம்பளத்தில் 55 வீதம் தரும். குறையும் மீதியைக் குடும்பம் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். பலர் இடையில் விடுவது பாடம் கடினம் என்பதால் என்று நினைப்பார்கள். வீட்டு வாடகைதான் இழுத்து வீழ்த்துகிறது. இன்னொரு பெரிய பிழை, வேலை மணித்தியாலங்களைப் பதிவேட்டில் உடனுக்குடன் கையெழுத்து வாங்காமல் விடுவது. முதலாளி கடையை மூடிய பிறகு இரண்டு வருடக் கையெழுத்தைத் தேடி அலைவது பெரும் பாடு. ஒவ்வொரு மாத முடிவிலும் வாங்குங்கள். கடைசிச் சோதனையில் 70 வீதம் எடுத்தால் சித்தி.

இந்த வரிசையையும் முதலில் பென்சிலால் எழுதுவது நல்லது. ஆனால் அழிறப்பரை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். செலவும் நேரமும் கணவன் மனைவி இருவருக்கும் பொது, ஆகவே அந்த இரண்டையும் சேர்ந்து கணக்குப் பாருங்கள். விருப்பத்தின் முதல் இலக்கத்தை மட்டும் அவரவர் எழுதட்டும்.

கல்லூரிக்குக் கட்டடம், நூலகம், விளையாட்டுச் சாமான் என்று எங்கள் பழைய மாணவர் சங்கம் எத்தனையோ செய்கிறது. விண்ணப்பக் காலத்தில் பிள்ளைகளுடன் ஒரு மணித்தியாலம் பேசும் ஏற்பாடும் வேண்டும். கோடையில் ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை ஐந்தரை, மாரியில் ஆறரை. ஒரு பழைய மாணவருக்கு ஒரு பிள்ளை போதும். மாமா வருவதற்கு முன்பே அந்தக் கொப்பித் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.