கமோஓஅலேவாவின் பாதையை வரைந்து பார்க்கிறேன்: இதுவரை நடந்தது

2016 ஏப்ரலில் ஹவாயின் ஹலேயகாலா மலையிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் சிக்கிய சிறுகோள் 469219 கமோஓஅலேவா. அகலம் 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கும், சுமார் 28 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. ஏப்ரல் வாக்கில் சற்று பிரகாசமாகும். அப்போதும் பெரிய தொலைநோக்கிகளுக்குத்தான் எட்டும். எனவே அதை நான் பார்க்க இருக்கும் ஒரே வழி கணக்கு. பைத்தான் நிரல்மொழியில் எழுத ஆரம்பித்தேன்.

பாதையின் அளவுகளை நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவையில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சூரியனிலிருந்து சராசரித் தூரம் 1.001 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு), பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீள்கிறது என்று சொல்லும் மையவிலகல் 0.104, பூமியின் பாதைத் தளத்துக்குச் சாய்வு 7.8 பாகை. எந்த நாளில் சிறுகோள் பாதையில் எங்கே இருக்கும் என்பதைத் தரும் கெப்ளர் சமன்பாட்டை, விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையில் தீர்த்தேன். மையவிலகல் இவ்வளவு சிறிதாக இருந்தால் சில சுற்றுகளிலேயே விடை அசையாமல் நின்றுவிடுகிறது.

சூரியனை நடுவில் வைத்து வரைந்த படத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள், அவ்வளவுதான். பிறகு பூமி ஒரே இடத்தில் நிற்கும்படி படம் முழுவதையும் அதனோடு சேர்த்துச் சுழற்றினேன். பூமியைச் சுற்றி அவரை விதை வடிவில் ஒரு வளையம் வந்தது! சூரியனை நோக்கிய திசையில் 0.2 வானியல் அலகு, பூமி நகரும் திசையில் அதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த வளையம் எப்படி வருகிறது என்பதற்காகவே வேகத்தையும் சேர்த்து அச்சிட்டுப் பார்த்தேன். சூரியனுக்கு மிக அருகே, 0.897 அலகில், சிறுகோள் விநாடிக்கு 33 கிலோமீட்டர் ஓடுகிறது. பூமியின் வேகம் சுமார் 30. அதனால் உள்பக்கமாகப் பூமியை முந்துகிறது. ஆறு மாதம் கழித்து 1.105 அலகில் வேகம் 27-க்கும் கீழே இறங்கி, வெளிப்பக்கமாகப் பின்தங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு சுற்று. வடக்கிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில், அதாவது நிலா சுற்றும் திசைக்கு நேர் எதிராக.

இத்தனைக்கும் அது பூமியின் பிடியில் இல்லை. மிக நெருங்கும்போதே தூரம் ஏறத்தாழ 1.45 கோடி கிலோமீட்டர், நிலாவின் தூரத்தைப்போல் 38 மடங்கு. பூமி ஒரு துணைக்கோளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக்கூடிய எல்லையோ சுமார் 15 லட்சம் கிலோமீட்டர்தான். சூரியனைச் சுற்றும் சிறுகோள் இது. இதைக் குட்டி நிலா என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை, போலித் துணைக்கோள் என்பதே பொருந்தும்.

அடுத்து, நூறு ஆண்டுகளுக்கு ஓடவிட்டேன். 1.001 அலகு என்றால் அதன் ஆண்டு நம்முடையதைவிட அரை நாள் நீளம். சூரியனின் ஈர்ப்பை மட்டும் கொள்ளும் வெறும் கெப்ளர் கணக்கில் வளையம் ஆண்டுக்கு அரை பாகை வீதம் பின்னால் நகர்ந்து, நூறாண்டில் பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்டது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அது நம்மோடுதான் இருக்கிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் இருக்கும் என்றும் கணித்திருக்கிறார்கள்.

விடுபட்டது பூமியின் ஈர்ப்பு. பூமி, நிலா, வெள்ளி, வியாழன் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு நாளுக்கு ஓர் அடியாக, இடத்தையும் வேகத்தையும் மாறி மாறி முன்னே நகர்த்தும் லீப்ஃபிராக் முறையில் மறுபடி ஓட்டினேன். இப்போது வளையம் கொஞ்சம் பின்னால் போகிறது, நிற்கிறது, முன்னால் வருகிறது. மறுபடி பின்னால். ஒவ்வோர் ஊசலுக்கும் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

காரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வளையம் முன்னால் நகர்ந்தால் அதன் பின்முனை பூமிக்கு அருகே வந்துவிடும். அங்கே வரும்போது சிறுகோள் பூமிக்குப் பின்னால் இருப்பதால், பூமி அதை முன்னோக்கி இழுக்கிறது. ஆற்றல் கூடுகிறது, பாதை பெரிதாகிறது, ஆண்டு நீள்கிறது. ஆண்டு நீண்டால் பின்தங்கத்தானே வேண்டும்? வளையம் திரும்பி வருகிறது. பின்னால் போனால் இதெல்லாம் தலைகீழ். முன்னால் இழுப்பதே பின்னுக்குத் தள்ளுவதாக முடிகிறது.

இது நிலாவிலிருந்து பெயர்ந்த பாறையாக இருக்கலாம் என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதன் நிறமாலை நிலாப் பாறை மாதிரிகளோடு ஒத்துப்போகிறது. இந்தச் சிறுகோளுக்குப் போய் மண் எடுத்து வரவே சீனாவின் தியான்வென்-2 கலம் 2025 மே மாதம் கிளம்பியது.

அடுத்து, தொடக்க வேகத்தில் மிகச் சிறு மாற்றங்களோடு பல நகல்களை ஒரே சமயத்தில் ஓட்டப் போகிறேன். இந்த வளையம் உடைந்து சிறுகோள் குதிரைலாடப் பாதைக்கு (பூமியோடு சேர்த்துச் சுழற்றிய படத்தில், பூமியைச் சுற்றாமல் இரு பக்கமும் அதை நெருங்கித் திரும்பும் லாட வடிவப் பாதை) மாறும் காலம் நகலுக்கு நகல் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அடி அதற்குப் போதுமா என்பதை, அடியைப் பாதியாக்கி ஓட்டி முதலில் சரிபார்க்கிறேன்.