அலஸ்தோட்டத்தில் ஒரு சுயசேவைச் சலவையகம்

திருகோணமலையில் சுயசேவைச் சலவையகம் ஒன்றைத் தொடங்கப்போகிறேன் என்று சொன்னபோது பெரும்பாலானோர் கேட்ட முதற்கேள்வி, கிணறும் வெயிலும் உள்ள ஊரில் யார் காசு கொடுத்து உடுப்புத் தோய்ப்பார்கள் என்பதாகும். அது நியாயமான கேள்வி. நிலாவெளி வீதியில் அலஸ்தோட்டப் பக்கமாக நான் வாடகைக்கு எடுத்திருக்கும் கடையைச் சுற்றி இத்தொழிலுக்கு முன்மாதிரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வங்கியில் கடன் பற்றிப் பேசியபோதும், இதே தொழில் செய்யும் வேறொருவரின் கணக்கைக் காட்ட முடியுமா என்றுதான் கேட்டார்கள். ஆகவே யார் வருவார்கள், எதற்காக வருவார்கள், எந்த மாதத்தில் வருவார்கள் என்பதையெல்லாம் நானே கண்டறிய வேண்டியிருந்தது. அப்படிக் கண்டறிந்தவற்றை, இதுபோன்ற எண்ணமுள்ள பிற சிற்றூர்க்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பொதுமக்கள் வந்து தாமே தோய்த்துச் செல்லும் கடை அமெரிக்காவின் போர்ட் வேர்த் நகரில் 1934 ஆம் ஆண்டிலும், இலண்டனின் குயின்ஸ்வேயில் 1949 ஆம் ஆண்டிலும் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே வீடுகளில் சலவை இயந்திரம் அரிது. எனவே இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதே தொழிலாக இருந்தது. எங்கள் ஊரின் நிலை வேறு. இரட்டைத் தொட்டி இயந்திரமாவது இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இல்லாத வீட்டிலும் கையால் தோய்ப்பதை யாரும் பெரும் பாரமாகச் சொல்வதில்லை. தோய்த்ததை எங்கே, எப்படிக் காயவைப்பது என்பதுதான் இங்கே பலருக்குத் தீராத தொல்லை. ஆகையால் கழுவுதலைப் பக்கத் தொழிலாகவும் உலர்த்துதலை முதன்மைத் தொழிலாகவும் வைத்தே என் திட்டம் முழுவதையும் அமைத்தேன்.

இதற்கு இந்த மண்ணின் பருவங்களே காரணம். வைகாசி பிறந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், காலையில் கொடியில் போட்ட சாரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மொறமொறவென்று காய்ந்துவிடும். அந்த மாதங்களில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று என் கடைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஆனால் அதே மாதங்களில்தான் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அமைதியாகி, புறாத் தீவுக்குப் படகுகள் ஓடி, விருந்தினர் விடுதிகள் நிரம்புகின்றன. நான்கைந்து அறைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதிக்குப் பெட்ஷீற்றும் துவாயும் மலைபோல் சேரும். பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வெளியேறி இரண்டு மணிக்கு அடுத்தவர் வரும்போது, வெயிலை நம்பிக் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நிலைமை தலைகீழாகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மாதங்களில் வாடையோடு சேர்ந்து கொட்டுகிறது, வெளிநாட்டவர் குறைந்துவிடுவர், உள்ளூரில் உடுப்புக் காயாது. ஒரு பருவம் விடுதிகளுக்கும் மறு பருவம் குடும்பங்களுக்கும் உரியதாக இருப்பதால், பருவகாலத் தொழில்களைப்போல் பாதி ஆண்டு கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று நம்புகிறேன். இவ்விரு கூட்டத்தோடு, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களும் இதே வீதியில்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பருவத்திலும் கொடி கட்ட இடமில்லை.

“நல்ல யோசனை, திறந்தால் வருவோம்” என்று அறிந்தவர்கள் சொல்வதை வைத்து முதல் போட முடியாது. எனவே சென்ற மாரிக்காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சலவை இயந்திரத்தையும் ஓர் உலர்த்தியையும் வைத்து, காசு வாங்கிக்கொண்டே நடத்திப் பார்த்தோம். கார்த்திகை மாதத்து ஞாயிறு மாலை ஒன்றில், பேசின் நிறைய வெள்ளைப் பாடசாலைச் சீருடைகளை வைத்து, மேலே பொலித்தீன் பையைப் போர்த்தியபடி ஓர் அம்மா வந்தார். “தம்பி, தோய்ச்சிட்டன். காயவைச்சு மட்டும் தருவீங்களோ?” என்று கேட்டார். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு சோடிச் சீருடை, அடுத்த நாள் காலை ஏழரைக்குப் பாடசாலை. அதன் பிறகு வந்தவர்களிலும் பெரும்பாலானோர் அதே கோரிக்கையோடுதான் வந்தார்கள். மாரிக்காலத்து வாடிக்கையாளர் ஈர உடுப்போடு வருவார், அவருக்கு வேண்டியது சூடான காற்று மட்டுமே என்று நான் உறுதிப்படுத்திக்கொண்டது அப்போதுதான்.

ஆனால் ஈர உடுப்பை அப்படியே உலர்த்தியில் போடுவது பெருநட்டம் தரும். கையால் பிழிந்த பருத்தித் துணி தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான நீரைத் தன்னுள் வைத்திருக்கும். நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் இயந்திரத்தில் சுழற்றினால், 7 கிலோ உடுப்பில் எஞ்சுவது 4 லீற்றர் அளவு நீரே. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க மட்டும் 0.63 அலகு மின்சக்திக்குச் சமமான வெப்பம் தேவை. உலோகத்தைச் சூடாக்குவதும் வெளியேறும் காற்றோடு போவதும் சேர்ந்தால், நன்றாகச் சுழற்றிய ஒரு சுமைக்கே 4 அலகு வரை செலவாகும். சுழற்றுவதற்கு ஆகும் மின்சாரமோ அதில் மிகச் சிறு பங்கு. ஆகவே வெளியிலிருந்து வரும் ஈர உடுப்பைப் பத்து நிமிடம் இலவசமாகச் சுழற்றிக் கொடுத்துவிட்டே உலர்த்தியில் போடச் சொல்வதை விதியாக வைத்திருக்கிறேன். இலவசம் என்று சொன்னாலும் அதில் இலாபம் எனக்குத்தான். வாடிக்கையாளருக்கும் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

உலர்த்திகளுக்கு மின்சாரமா எரிவாயுவா என்பதில் நீண்ட நாள் யோசித்தேன். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்ததை வீட்டுச் சிட்டையில் கண்டவர்கள் நாம். பின்னர் குறைக்கப்பட்டாலும், செலவின் பெரும்பகுதி அந்த ஒரே கட்டணத்தில் தொங்கும் தொழிலை நடத்த எனக்குத் துணிவில்லை. எரிவாயுவுக்காக வரிசையில் நின்ற காலமும் மறக்கக்கூடியது அன்று. எனினும் எரிவாயுவைச் சேமித்து வைக்கலாம், 37.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 480 அலகுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது; நூறு சுமை வரை உலர்த்தலாம். எரிவாயுவில் சூடாகும் உலர்த்தியின் மோட்டருக்கு வேண்டிய மின்சாரம் குறைவு என்பதால், மின்வெட்டு நேரத்தில் சிறிய ஜெனரேற்றரே தாங்கும். சிலிண்டர்களைக் கடைக்கு வெளியே காற்றோட்டமான கூட்டில் வைப்பதும், பஞ்சு படியும் வடிகட்டியை ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் துடைப்பதும் தீப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடற்கரை மணலில் தோண்டிய கிணறுகளில் சில இடங்களில் உவர்ப்பும், சில இடங்களில் இரும்பும் இருக்கும். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிறீன் களிம்புகள் பலவற்றில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள், நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து வெள்ளைத் துணியில் துருநிறக் கறையை உண்டாக்குகிறது. விடுதிக்காரர் ஒருவர் கொண்டுவந்த பெட்ஷீற்றில் தோள்படும் இடம் மட்டும் மஞ்சள் பாரித்திருந்தது. குளோரின் வெளுப்பான் போடப்போட அது இன்னும் அழுத்தமாகியதாம். வெளுப்பான் இரும்பை மேலும் துருப்பிடிக்கச் செய்யும். தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலம்தான் அதைக் கரைக்கும். அமிலத்தில் ஊறவைத்து, இரும்பில்லாத நீரில் அலசியபோது கறை பெருமளவு போய்விட்டது. அதனால் கடையில் கழுவுவதற்குக் கந்தளாயிலிருந்து சுத்திகரித்து வரும் குழாய் நீரை மட்டுமே பயன்படுத்துவேன். முன்பக்கக் கதவுள்ள இயந்திரம் ஒரு தடவைக்கு 60 லீற்றர் அளவில் எடுக்கும்; மூன்று இயந்திரங்கள் நாளுக்கு எட்டுத் தடவை ஓடினால் 1440 லீற்றர். நீர் வெட்டை எண்ணி 2000 லீற்றர்த் தாங்கி வைத்திருக்கிறேன். வெளியேறும் சவர்க்கார நீர் அயலவரின் கிணற்றுக்குள் கசிந்துவிடக்கூடாது என்பதில் எனக்குப் பெருங்கவலை உண்டு. பஞ்சு வடிகட்டும் தொட்டிக்கும் உறிஞ்சு குழிக்கும் வளவின் எந்தக் கிணற்றிலிருந்தும் மிகத் தூரமான மூலையை ஒதுக்கினேன்.

பலரும் பேசத் தயங்கும் விடயம் ஒன்று உண்டு: முன்பின் தெரியாதவரின் உடுப்பு சுழன்ற இயந்திரத்தில் நம் உடுப்பைப் போடலாமா? ஜமாலியாவிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர், “மகன், கடைசியா அலசுற தண்ணி புதுத் தண்ணியா, முந்தித் தோய்ச்ச தண்ணியா?” என்று கேட்டார். தொழுகைக்கு உடுக்கும் உடுப்பின் தூய்மை பற்றிய கேள்வி அது. துடக்குத் துணி பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டதும் ஏறத்தாழ அதேதான். தோய்த்த பின் மூன்று முறை அலசல், ஒவ்வொரு முறையும் பழைய நீர் முற்றாக வெளியேறிப் புது நீர் என்று கதவுக் கண்ணாடி வழியாகவே காட்டினேன். பெரியம்மா கதிரையை இழுத்துப்போட்டு முழுவதையும் பார்த்துவிட்டே போனார். இதற்கு மறுபக்கமும் உண்டு. லோன்றியில் உள்ளாடையைக் கொடுக்க நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். சுயசேவையில் தாமே போட்டுத் தாமே எடுக்கலாம், அந்நியக் கை படுவதில்லை. எங்கள் ஊரில் சுயசேவை என்பதன் மெய்யான மதிப்பு இதுவே என்று கருதுகிறேன். எனவே கடையில் இருப்பவர் ஒரு பெண்ணாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம்.

நகரில் பல்லாண்டாகச் சலவைத் தொழில் செய்பவர்களின் பிழைப்பில் கைவைக்கிறேனோ என்ற எண்ணம் என்னை உறுத்தியதால், அவர்களில் சிலரிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் அயன் செய்வதிலும், கஞ்சி போட்ட சேலை வேட்டியிலும், கோயில், மரண வீட்டுக் கடமைகளிலும் இருக்கிறது. என் கடையில் அயன் பெட்டியே வைப்பதில்லை. கேட்டு வருபவர்களை அவர்களிடம் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாணயம் போடும் இயந்திரங்கள் இங்கே ஒத்துவரா. நம் புழக்கத்திலுள்ள பெரிய நாணயம் 20 ரூபா. ஒரு சலவைக்கு 500 ரூபா என்றாலே 25 நாணயங்களைப் போடவேண்டும். கடையில் காசைக் கொடுத்தோ கைப்பேசியில் கியூஆர் வழியாகச் செலுத்தியோ ஒரு வில்லையைப் பெற்று இயந்திரத்தில் போடும் முறையை ஏற்படுத்துகிறேன். இயந்திரத்தின் பொத்தான்களையும் மூன்றாகக் குறைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வழக்கமாகக் கழுவும் இயந்திரத்துக்கு ஓர் உலர்த்தி என்ற கணக்கில் வைப்பார்கள். நான் மூன்றுக்கு நான்கு வைக்கிறேன்; மழைக்காலத்தில் அந்த நான்காவதும் ஓயாது என்று எதிர்பார்க்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் கடை திறக்கும். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை. முதலாவது மாரியும் முதலாவது கச்சானும் கடந்து இரண்டு பருவத்தின் கணக்கும் கையில் கிடைக்கும்வரை, லீசிங்கில் மேலும் ஓர் இயந்திரம் எடுப்பதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.