வேகமாக ஓடிய லேப்டாப் கணக்கே போடவில்லை

மூன்று வாரம் என்னைப் படுத்திய ஒரு எக்செல் ஃபைலைப் பற்றி எழுதுகிறேன். இன்னொருவர் இதே மாதிரி காசும் நேரமும் விடக் கூடாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். நூல் விலை, நிட்டிங், டையிங், தையல் கூலி, வேஸ்டேஜ் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு என்ன விலை என்று சொல்கிற ஷீட். வருடக் கணக்கில் வளர்ந்து 30,000 வரியைத் தாண்டிவிட்டது. ஆபீஸில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு ரேட்டை மாற்றினால் நாலு நிமிடம் அப்படியே ஹேங் ஆகி நிற்கும். அதே ஃபைல் வீட்டிலிருக்கும் ஏழு வருடப் பழைய லேப்டாப்பில் என்ட்டர் தட்டியதும் அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கும்.

"ரேம் பத்தலைங்கண்ணா" என்றார் சர்வீஸ் செய்பவர். கேபினட்டை வண்டியில் வைத்துக் கொண்டுபோய் 8 ஜிபியை 16 ஆக்கினேன். ஒரு நொடிகூடக் குறையவில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடலாம் என்றார். அதற்கு ஒரு நாள், திரும்ப ஒரு நடை. பிறகும் அதே நாலு நிமிடம். கடைக்குப் போகும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி எவ்வளவு ரேம், சிபியு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தால் போதும். பழைய 8 ஜிபியிலேயே பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். தயவுசெய்து அதைப் பார்க்காமல் யாரும் ரேம் வாங்காதீர்கள்.

அப்புறம்தான் பெரிய அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு வாங்குபவர்களுக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஹவுஸிலிருந்து அவசரமாக விலை கேட்டார்கள். நூல் கிலோவுக்கு 15 ரூபாய் ஏறியிருந்தது. வீட்டு லேப்டாப்பில் புது ரேட்டைப் போட்டு, வந்த விலையை போனிலேயே சொல்லிவிட்டேன். ஃபைலை சேவ் செய்யக் கொடுத்தபோது வழக்கம்போல அது ஐந்தாறு நிமிடம் இழுத்தது. ஹார்ட் டிஸ்க் பழசு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சேவ் முடிந்ததும் திரையில் விலை மாறியிருந்தது. பீஸுக்கு மூன்று ரூபாய் அதிகம். 20,000 பீஸ் ஆர்டர். கை நடுங்கிவிட்டது. உடனே திரும்ப போன் செய்து திருத்திச் சொன்னேன். மெயில் போகாமல் இருந்ததால் தப்பித்தேன்.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் எக்செல் மேனுவல் கால்குலேஷனில் இருந்திருக்கிறது. எஃப்9 தட்டினாலோ சேவ் செய்தாலோதான் கணக்குப் போடும். அதுவரை திரையில் நிற்பது பழைய எண். கீழே இடது மூலையில் 'கால்குலேட்' என்று சின்னதாக எழுத்து வரும். நான் ஒருநாளும் கவனித்ததில்லை. நான் அதை மேனுவலுக்கு மாற்றவே இல்லையே என்று யோசித்தபோதுதான் எக்செல்லின் குணம் ஒன்று புரிந்தது. முதலில் திறக்கும் ஃபைல் எந்த முறையில் சேவ் ஆகியிருக்கிறதோ, அதற்குப் பின் திறக்கும் எல்லா ஃபைலுக்கும் அதே முறைதான். வீட்டில் நான் முதலில் திறப்பது நூல் ஏஜென்ட் அனுப்பிய ஸ்டாக் ஃபைல். அது மேனுவலில் இருந்தது. ஆபீஸில் முதலில் திறப்பது அட்டெண்டன்ஸ் ஃபைல், அது ஆட்டோமேட்டிக்.

சரி, இரண்டையும் நியாயமாக ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று, இரண்டிலும் அந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 அழுத்தி, போனில் நேரம் பார்த்தேன். எல்லா ஃபார்முலாவையும் முதலிலிருந்து போட வைக்கும் கட்டளை அது. ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலு நிமிடம். லேப்டாப் ஆறு நிமிடம்.

அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரின் சிபியுவில் ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓடலாம், அதாவது எட்டு த்ரெட்; இருந்தும் டாஸ்க் மேனேஜரில் சிபியு 13 சதவீதத்திலேயே நின்றது. எட்டில் ஒன்றுதான் உழைக்கிறது என்று அர்த்தம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ஃபார்முலாஸ் பகுதியில் பார்த்தால், எல்லா த்ரெட்டையும் கணக்குக்குப் பயன்படுத்தச் சொல்லும் மல்டி-த்ரெடட் கால்குலேஷனுக்கு டிக் இல்லை. போட்டேன்; ஒன்றரை நிமிடமாகக் குறைந்தது.

மீதி என் ஃபார்முலாவில். பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் ஃபார்முலாவில் முழு நெடுவரிசையையும் கொடுத்திருந்தேன். ஒரு நெடுவரிசையில் 10,48,576 வரி, அதில் என் டேட்டா 30,000தான்; காலி வரிகளையும் சேர்த்து அது பெருக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும், டேட்டா உள்ள வரிகளை மட்டும் பார்க்கும் சம்இஃப்ஸ் ஆக்கினேன். மாத ஷீட்டைப் பெயரை வைத்து எடுக்க இன்டைரக்ட் ஃபார்முலா போட்டிருந்த இடங்களில் நேரடி ரெஃபரன்ஸ் கொடுத்தேன். எங்கே எதைத் தொட்டாலும் இன்டைரக்ட் திரும்பக் கணக்குப் போடும், ஆஃப்செட் ஃபார்முலாவும் அப்படித்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். இப்போது ஆபீஸில் மூன்று நொடி, லேப்டாப்பில் ஐந்து நொடி, இரண்டும் ஆட்டோமேட்டிக்கில்.

மெர்ச்சண்டைசர் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் பிரின்ட்டுக்கு ஷீட்டைத் தானாகத் தயார் செய்யும் மேக்ரோ இன்னும் இழுத்தது. அது கணக்குப் பிரச்சினையே இல்லை. போன வருடம் எடுத்துவிட்ட நெட்வொர்க் பிரின்டர் அங்கே இன்னும் டீஃபால்ட்டாக இருந்தது. மேக்ரோவில் பக்க அளவை அமைக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் எக்செல் அதைத் தேடிக்கொண்டிருந்தது. டீஃபால்ட்டை பிடிஎஃப்புக்கு மாற்றினேன். அக்கா டீ எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் ஷீட் தயாராக இருந்தது.