தாய்மாமன் சீரும் திறக்காத ப்ராஜெக்ட் ஃபைலும்

அடோபி பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் ப்ராஜெக்ட் திறக்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டேட்டா ரெகவரி கடைக்கு ஓடாதீர்கள். யாராவது விரட்டினாலும் ஓடாதீர்கள். என்னை விரட்டியவர் ஸ்டுடியோ ஓனர். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

வேலை ஒரு மஞ்சள் நீராட்டு விழா. தண்டையார்பேட்டையில் மண்டபம், இரண்டு கேமரா, ஊர்வலத்துக்கு மட்டும் ட்ரோன். எடிட்டிங் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில். நான் அங்கே சம்பள ஆள் இல்லை. ராத்திரி போய் உட்கார்ந்து, வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறவன். கட்டிங், கலர், பாட்டு எல்லாம் முடிந்து டைட்டிலும் ஆடியோ லெவலும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது.

போன விதம்தான் மோசம். முதலில் லோ வோல்டேஜ். டியூப் லைட் மினுக்கியது, யுபிஎஸ் கத்தியது, அப்புறம் மொத்தமாக இருட்டு. அந்த யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மாற்றச் சொல்லிப் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரன்ட் திரும்பி வந்தபோது மிஷின் ஆன் ஆகவில்லை. பவர் சப்ளை கருகிய வாசனை ரூம் முழுக்க. சரி, ஃபுட்டேஜும் ப்ராஜெக்ட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில்தானே இருக்கிறது என்று அதை மட்டும் கழற்றிக்கொண்டு கிளம்பினேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது?

வீட்டில் திறந்தால் ஒரே ஒரு வரி வருகிறது: ப்ராஜெக்ட் சேதமடைந்திருப்பதாகத் தெரிகிறது, திறக்க முடியாது. கீழே ஒரு ஓகே பட்டன். வேறு ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். என் வீட்டில் இருப்பது பழைய வெர்ஷன், ஸ்டுடியோவில் புதியது. போனில் சொன்னதும் ஓனர், "உன் வெர்ஷன்தாம்பா பழசு, அதான் ஓப்பன் ஆவல" என்று முடித்துவிட்டார். வெர்ஷன் பிரச்சினைக்கு வருகிற மெசேஜே வேறு. 'இது புதிய வெர்ஷனில் சேமித்தது, இதில் திறக்காது' என்று தெளிவாகவே சொல்லும். 'சேதம்' என்று சொன்னால் ஃபைலே போயிருக்கிறது என்று பொருள். எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பெரம்பூரில் புதிய வெர்ஷன் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு டிஸ்க்கைக் கொண்டுபோய்த் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. அங்கேயும் அதே வரி. நண்பர் சும்மா விடுவாரா? மீடியா கேஷை, அதாவது பிரீமியர் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களை, அழித்தார், ஆல்ட் கீயைப் பிடித்தபடி பிரீமியரைத் திறந்து செட்டிங்ஸை ரீசெட் செய்தார், புது ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி அதற்குள் என்னுடையதை இம்போர்ட் செய்து பார்த்தார். கடைசியாகச் சொன்னது நல்ல வழிதான், பாதி கெட்டுப்போன ப்ராஜெக்ட் சில சமயம் அப்படி வந்துவிடும். என்னுடையது வரவில்லை. மற்ற ப்ராஜெக்ட்கள் ஒழுங்காகத் திறக்கும்போது சாஃப்ட்வேரைக் கிண்டிக்கொண்டிருப்பது நேர விரயம்.

வீட்டுக்கு வந்து ஃபைலின் உள்ளே பார்த்தேன். பிரீமியர் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ எதுவும் கிடையாது. எந்த கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எங்கே வெட்டினோம், எந்த எஃபெக்ட் போட்டோம் என்ற குறிப்புகள்தான், எக்ஸ்எம்எல் எழுத்தாக. அதை ஜி-ஜிப் முறையில் சுருக்கி வைத்திருப்பார்கள். அதனால் நல்ல ஃபைல் என்றால், சுருக்கிய ஃபைல்களைப் பிரிக்கும் 7-ஜிப்பில் திறக்கும். ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் முதல் இரண்டு பைட்டும் 1எஃப், 8பி என்று இருக்கும். என் ஃபைலில் முதல் பைட் 00. அடுத்ததும் 00. கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன், திரை முழுக்கச் சைபர்தான். ஃபைலின் அளவு மட்டும் சரியாக இருந்தது.

காரணம் புரிந்தபோது வயிற்றெரிச்சல்தான் மிச்சம். நாம் சேவ் கொடுத்ததும் விண்டோஸ் எல்லாவற்றையும் அந்த நொடியே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து எழுதும். ஃபைல் பேரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் போய்ச் சேர்வதற்குள் கரன்ட் போனால் இப்படித்தான் ஆகும். அதாவது நான் கடைசியாக சேவ் செய்தது டிஸ்க்கில் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எந்தக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்?

இதையும் ஓனரிடம் சொன்னேன். "அதெல்லாம் வேணாம்பா, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் கீறாரு, எரிஞ்ச டிஸ்க்லயே எடுத்துக் குடுத்தவரு" என்றார். பணம் கொடுக்கிறவர் அவர். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அந்தத் தெரு நெரிசலில் கடையைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை, எத்தனை டிபி (டெராபைட்) என்று கேட்டார். டிபி கணக்கில் ரேட். அட்வான்ஸ் முதலில். எடுத்த ஃபைலைப் போட அதே அளவில் வேறு டிஸ்க் வேண்டுமாம், அதையும் அவர் கடையிலேயே வாங்கலாமாம். டிஸ்க்கில் எல்லா ஃபைலும் இருக்கிறது, ஒரே ஒரு ப்ராஜெக்ட் ஃபைல்தான் காலி, அழிந்தும் போகவில்லை என்று விளக்கினேன். "பாத்துக்கலாம் சார்" என்று ஸ்கேன் போட்டார். எப்போதோ அழித்த வளைகாப்பு போட்டோக்கள், பெயருக்குப் பதிலாக நம்பர் போட்ட ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்கள், எல்லாம் வரிசையாக வந்தன. நடுவே என் ப்ராஜெக்ட் ஃபைலும், பக்கத்தில் பச்சை டிக்கோடு. "வந்துடுச்சு பாருங்க." திறந்து காட்டச் சொன்னேன். அதே சைபர். "சைஸ் கரெக்டா இருக்கே சார்?" என்றார் மனிதர். அப்புறம் டிஸ்க்கில் எர்ரர் இருக்கும், ரிப்பேர் கமாண்ட் ஓட்டிப் பார்க்கலாம் என்று டைப் அடிக்க ஆரம்பித்தார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். இதை மட்டும் மறக்காதீர்கள்: காப்பி எடுக்காத டிஸ்க்கில் யாரையும் எதையும் எழுத விடாதீர்கள், செக்டிஸ்க் என்ற அந்த ரிப்பேர் கமாண்ட் உட்பட. இழந்தது ஒரு சின்ன ஃபைல். ரிப்பேர் செய்கிறேன் என்று ஃபுட்டேஜில் கை வைத்தால் விழாவே போய்விடும். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. 'ஸ்கேனிங் சார்ஜ்' என்று ரசீது எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவு நேரம் படித்தவர்கள் 'ஆட்டோசேவ் என்ன ஆச்சு?' என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதைத்தான் முதலில் பார்த்தேன். வழக்கமாக ப்ராஜெக்ட் பக்கத்திலேயே ஆட்டோசேவ் ஃபோல்டர் இருக்கும். இருந்தது. ஆனால் அதில் கிடந்தவை எல்லாம் வேலை தொடங்கிய புதிதில் சேமித்தவை. ஊர்வலம்கூட வெட்டாத நிலை. நடுவில் ஆட்டோசேவ் ஏன் நின்றது என்று புரியவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து திரும்பும்போதுதான் பகல் ஷிஃப்ட் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணா, வெளி டிஸ்க் ஸ்லோவா இருக்குதுன்னு ஸ்க்ராட்ச் டிஸ்க் எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்தினேனே, சொல்லலையா?" என்றான். சொல்லவில்லை. ஸ்க்ராட்ச் டிஸ்க் என்றால் பிரீமியர் தன் தற்காலிக ஃபைல்களையும் ஆட்டோசேவையும் போடும் இடம். ஆட்டோசேவ் நிற்கவில்லை, கருகிப்போன அந்த மிஷினுக்குள் இருக்கும் டி டிரைவில் சமர்த்தாகச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் என்ற இடத்தில்தான் இந்த முகவரி இருக்கிறது. ப்ராஜெக்ட்டே திறக்காதபோது அதை எங்கே போய்ப் பார்ப்பது?

ஸ்டுடியோவுக்குப் போனால் ஓனர் வேளாங்கண்ணி போய்விட்டார். கடையில் இருந்த பையன் மிஷினைத் தொடவே விடவில்லை. "கேபினெட்டத் தொறந்தா வாரண்டி போயிடும்ணா. ஓனர் வரட்டும்." அது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அசெம்பிள் செய்த மிஷின்; அதில் வாரண்டி இருக்கும் ஒரே பொருள் போன மாதம் வாங்கிய மவுஸ். ஓனர் போன் ஸ்விட்ச் ஆஃப். இதற்கிடையில் பெண்ணின் தாய்மாமன் எனக்குப் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். "தம்பி, சீர் தட்டு அம்பத்தொண்ணு. ஒண்ணு கொறையாம வீடியோல வரணும், சொல்லிட்டேன்." அவர் கவலை அவருக்கு. கடைசியில் ஓனரின் மனைவியிடம் பேசி, அந்த அக்கா கடைப் பையனைத் திட்டி, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்தது.

டி டிரைவைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடாதீர்கள். ஒரு நட்சத்திரக் குறி, ஒரு புள்ளி, ப்ராஜெக்ட் ஃபைலின் எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் வரும் prproj). இதை டிரைவ் முழுக்கத் தேடச் சொல்லி, தேதிவாரியாக அடுக்குங்கள். தேதியும் நேரமும் பெயரிலேயே ஒட்டிய ஃபைல்கள் வரிசையாக வந்தன. கடைசி ஃபைல் கரன்ட் போவதற்குச் சில நிமிஷம் முன்னால் எழுதியது. உடனே டபுள் கிளிக் செய்யவில்லை. முதலில் இரண்டு இடத்தில் காப்பி.

காப்பியைத் திறந்தேன். இந்தத் தடவை 'புதிய வெர்ஷனில் சேமித்தது' என்ற மெசேஜ். சந்தோஷம் தாங்கவில்லை! ஃபைல் உயிரோடு இருந்தால்தான் அந்த மெசேஜ் வரும்.

மறுபடி பெரம்பூர் போக மனமில்லை. வீட்டிலேயே முடிக்க வழி இருக்கிறது. 7-ஜிப்பில் பிரித்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கிடைக்கும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ஸில் திறந்தால் முதல் சில வரிகளுக்குள்ளேயே 'ப்ராஜெக்ட்' என்று தொடங்கும் வரிகள் அடுத்தடுத்து இரண்டு இருக்கும். இரண்டாவது நீளமானது, அதன் கடைசியில் வெர்ஷன் என்று ஒரு எண். அதை அழித்துவிட்டு 1 என்று போட வேண்டும். அதற்கு மேலே 'பிரீமியர் டேட்டா' என்ற வரியிலும் ஒரு வெர்ஷன் எண் உண்டு, அதைத் தொடக்கூடாது. பழைய எக்ஸ்டென்ஷனிலேயே சேவ் செய்தால் போதும். திரும்பச் சுருக்காமலே பிரீமியர் திறக்கும். பழைய ப்ராஜெக்ட் என்று நினைத்துக்கொண்டு 'மாற்றிக்கொள்ளவா?' என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். புதிய வெர்ஷனுக்கு மட்டும் உரிய எஃபெக்ட் ஏதாவது இருந்தால் உதிர்ந்துவிடும். எனக்கு ஒரு டிரான்ஸிஷன் போனது, நல்லதாயிற்று, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

டைம்லைன் வந்துவிட்டது, முழுக்கச் சிவப்பாக. டிரைவ் லெட்டர் மாறியதால் எல்லா கிளிப்பும் ஆஃப்லைன், அதாவது ஃபைல் எங்கே இருக்கிறது என்று பிரீமியருக்குத் தெரியவில்லை. இது சாதாரண விஷயம்தான். ஒரு கிளிப்பைக் காட்டினால் மற்றதைத் தானே தேடிக்கொள்ளும். தேடிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால் செண்டை மேளம் முழங்க, தாய்மாமன் தட்டோடு வர வேண்டிய இடத்தில் ஒரு பெரியவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டுமே சோனி கேமரா, இரண்டு கார்டிலும் சி0001 என்று நம்பர் தொடங்கியிருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் மேடை கேமராவுக்குப் பதில் பந்தி கேமராவைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. இதில் பயங்கரம் என்னவென்றால் எந்த எர்ரரும் வராது. ஓட்டிப் பார்க்காமல் எக்ஸ்போர்ட் கொடுத்திருந்தால் என் கதி என்ன?

லிங்க் செய்ததை எல்லாம் ஆஃப்லைன் ஆக்கிவிட்டு, தானாகத் தேடும் டிக்கை எடுத்தேன். பிரீமியருக்குள் கிளிப்களை அடுக்கும் ஃபோல்டர்களில் ('பின்' என்பார்கள்) கேமராவாரியாகப் பிரித்து வைத்திருந்ததால் ஒரு கேமராவை மட்டும் செலக்ட் செய்து அதற்குரிய ஃபோல்டரைக் காட்டினேன், அப்புறம் அடுத்தது. லிங்க் செய்யும் கட்டத்தில் பெயரோடு 'மீடியா ஸ்டார்ட்' என்பதையும் பொருத்திப் பார்க்கச் சொல்லும் டிக் உண்டு. டைம்கோட் (கேமரா கிளிப்போடு பதியும் நேரக்குறி) வெவ்வேறாக இருந்தால் அதுவும் காப்பாற்றும். எல்லாவற்றையும்விட, கார்டிலிருந்து காப்பி செய்யும் அன்றைக்கே கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் காப்பியிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

பகல் ஷிஃப்ட் தம்பியை நான் திட்டவில்லை. அவன் டி டிரைவுக்கு மாற்றி வைத்தது நல்ல பழக்கம்தான். ப்ராஜெக்ட்டும் ஆட்டோசேவும் ஒரே டிஸ்க்கில் இருந்து அந்த டிஸ்க்கே போனால் இரண்டும் சேர்ந்து போகும். மாற்றியதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். இப்போது மானிட்டர் ஓரத்தில் ஆட்டோசேவ் எங்கே போகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். நேரத்தை 5 நிமிஷமாகக் குறைத்து, வைத்திருக்கும் பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டேன். 5 நிமிஷத்துக்கு ஒன்றாக 20 பிரதி என்றால் 100 நிமிஷத்துக்கு முந்தையது எதுவும் மிஞ்சாது. கணக்குப் போட்டு வையுங்கள்.

வீடியோவை பென் டிரைவில் போட்டு தாய்மாமன் வீட்டு டிவியிலேயே ஓட்டிக் காட்டினேன். தட்டு வரும்போது விரல்விட்டு எண்ணினார். அம்பத்தொண்ணும் இருந்தது. முடிந்ததும், "பந்தில என் மச்சானக் காட்டவே இல்லியே தம்பி" என்றார். அது வேறு வேலை, வேறு ரேட் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.