சவுக்காரத் தண்ணீர் போதும்

பினாங்கு பாயான் லெப்பாசில் எங்கள் வீட்டு வாசலில் இருப்பதைத் தோட்டம் என்று சொன்னால் அம்மா சிரிப்பார். கேட்டை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள், அவ்வளவுதான்: கறிவேப்பிலை, கத்திரி, சில்லி பாடி மிளகாய், செம்பருத்தி. ஆனால் இந்த நாலைத் தேடி வராத பூச்சி இல்லை.

பூச்சி விரட்ட வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வைத்தியம் வருகிறது. பூண்டு மிளகாய்க் கரைசலும் அடித்துப் பார்த்தாயிற்று. எவ்வளவு வடிகட்டினாலும் ஸ்பிரே வாய் அடைத்துக்கொள்ளும். காற்று திரும்பினால் கண் எரிவது நமக்குத்தான். இப்போது நான் நம்புவது சவுக்காரத் தண்ணீரைத்தான். வாசனையில்லாத கட்டிச் சவுக்காரத்தைச் சீவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்தால் போதும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அது இலையின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து உரித்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சவுக்காரத் தண்ணீர் பூச்சியின் உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும்; காய்ந்தபின் அந்த இலையில் வந்து உட்காரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் மேலே தெளித்துப் பயனில்லை. ஒரு கையால் இலையைத் திருப்பிப் பிடித்து, அடியில் நரம்போரமாக அப்பியிருக்கும் அசுவினிப் பூச்சி மேல் நேராக அடிக்க வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் நாலைந்து நாள் விட்டு மறுபடியும். வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பதுதான் நல்லது, உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். பினாங்கில் சாயங்காலம் என்றால் மழையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.

மாவுப்பூச்சிக்கு இது மட்டும் போதாது. பஞ்சு மாதிரி வெள்ளையாகப் போர்த்திக்கொண்டு கணுவிடுக்கில் ஒளிந்திருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைச் சவுக்காரத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் அடிப்பேன். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். இன்னொன்று, வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. சில பொறிவண்டுகளின் குஞ்சுகளும் அதே வேஷத்தில்தான் இருக்கும். தொட்டதும் விறுவிறுவென்று ஓடினால் விட்டுவிடுங்கள், அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்த ஆள்.

வேப்ப எண்ணெயும் நல்லதுதான், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஐந்து மில்லி எண்ணெயில் முதலில் சவுக்காரக் கரைசல் கொஞ்சம் விட்டு நன்றாகக் குழப்பிக்கொண்டு, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். மறுநாள் காலையில் பூச்சி செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்யும். வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். கறிவேப்பிலையில் அடித்தால் நன்றாகக் கழுவிவிட்டுத் தாளியுங்கள். ரசம் கசந்தால் எங்கள் வீட்டில் பெரிய விசாரணையே நடக்கும்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி புகையிலை ஊறவைத்த தண்ணீர் தருவதாகச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அம்மா செம்பனைத் தோட்டத்தில் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர். களைக்கு அடித்த அந்தப் பாராகுவாட்டை நம் மலேசியாவில் 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். கையுறை இல்லாமல் அடித்த காலத்தில் நகம் கழன்றதை அம்மா இன்றும் சொல்வார். “செடியிலேர்ந்து எடுத்தா வெஷம் இல்லேன்னு யாரு சொன்னா?” என்று கேட்டார். நியாயம்தான், நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். போதாததற்கு, புகையிலை கத்திரி, மிளகாய்க் குடும்பத்துச் செடி. அதிலுள்ள தேமல் நோய்க் கிருமி இவற்றுக்கும் தொற்றும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுவுக்கு மட்டும் நான் எதுவும் அடிப்பதில்லை. வளர்ந்ததும் பச்சையாகிவிடும்; தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. வேரடியில் முளைத்த கன்று ஒன்றைப் பின்வாசலில் நட்டிருக்கிறேன், புழுவை எடுத்து அதில் விட்டுவிடுவேன்.

தைப்பூசம் நெருங்கும்போது மழை குறைந்துவிடும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்வருகிற அந்த வாரங்களில் கத்திரி இலையின் மேல்புறம் பொடிப்பொடியாக வெளுத்திருந்தால், அடியில் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று பாருங்கள். வலை பின்னியிருக்கும். அதற்குச் சவுக்காரம்கூட அவசரமில்லை. முதலில் ரப்பர் குழாயை வைத்துக் காலையில் இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள்.