வறட்சி நிதிக்காக எழுதிய கருத்துரு

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டிய மூன்று மாதங்களில் 168 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. 2017 ஜனவரி 10 அன்று அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தார். பயிர் கருகிய உழவர்களுக்கான நிவாரணமும் நிலவரித் தள்ளுபடியுமே அந்த அறிவிப்பில் பெரிதும் பேசப்பட்டன. நகராட்சிகளின் குடிநீர்ப் பிரிவுகளில் இருந்த எங்களுக்கோ, கோடைக்கு முன் செய்ய வேண்டிய பணிகளைப் பட்டியலிட்டு, மதிப்பீடு தயாரித்து, நிதி கேட்டு அரசுக்குக் கருத்துரு அனுப்ப வேண்டிய காலம் அன்று தொடங்கியது. நான் அப்போது வைகைக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளராகப் பணியாற்றிவந்தேன்.

எங்கள் ஊருக்கு நீர் வந்த வழியைச் சொன்னால்தான் நாங்கள் எதைக் கேட்டோம் என்பது விளங்கும். வைகை ஆற்றின் மணலுக்குள் இறக்கிய நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்து நீரை எடுத்து, மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து தெருக்களுக்கு விடுவோம். கிணற்றின் அடியில் நாற்புறமும் மணலுக்குள் செலுத்தப்பட்ட துளையிட்ட குழாய்களின் வழியே நீர் ஊறி வரும். ஆற்றின் மேற்பரப்பில் ஓட்டம் நின்றுபோனாலும் மணல் பல வாரங்களுக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த மணலை நனைப்பதற்கு வைகை அணையிலிருந்து அவ்வப்போது நீர் திறக்கப்பட வேண்டும். 1959இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு உயரம் 71 அடி. அதற்கு வரும் நீரில் பெரும்பகுதி முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வருவது. பெரியாறு அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்கு நீர் வராது. மழை பொய்த்த ஆண்டில் இந்த இரண்டு அணைகளின் அன்றைய நீர்மட்டத்தையும் நாங்கள் தினமும் காலையில் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் பணியைத் தொடங்குவோம். குடிநீருக்காகத் திறக்கப்படும் நீரிலும் காய்ந்த மணல் குடித்தது போக மிஞ்சியதுதான் கீழே இருக்கும் ஊர்களுக்கு வரும். மணல் அள்ளப்பட்டுக் களிமண் வெளியே தெரிந்த இடங்களில் நீரைப் பிடித்துவைக்க ஆற்றில் எதுவும் இல்லை. கருத்துருவில் ‘நீராதாரத்தின் தற்போதைய நிலை’ என்ற தலைப்பின் கீழ் இதையெல்லாம் எழுத முடியாது. கிணறு வாரியாக எத்தனை லட்சம் லிட்டர் கிடைக்கிறது என்று மட்டுமே எழுத வேண்டும்.

தேவையைக் கணக்கிடுவது எளிது. தமிழ்நாட்டில் அப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு மாநகராட்சிகளில் 135 லிட்டர், நகராட்சிகளில் 90 லிட்டர், பேரூராட்சிகளில் 70 லிட்டர் என்று அளவு வைத்திருந்தார்கள். ஒரு லட்சம் பேர் வாழும் நகராட்சிக்கு நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் என்று பெருக்கி எழுதிவிடலாம். கிடைக்கும் நீரின் அளவைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. வழக்கமாக மோட்டாரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறனை ஓடிய மணி நேரத்தால் பெருக்குவார்கள். மழைக்காலத்தில் அது ஏறத்தாழ உண்மையாக இருக்கும். கிணறு வற்றத் தொடங்கியபின், மோட்டார் சற்று நேரம் ஓடியதும் நீர்மட்டம் உறிஞ்சுமுனைக்குக் கீழே போய்விடும். நிறுத்திவைத்து, ஊறியதும் மீண்டும் ஓட்ட வேண்டும். பெயர்ப்பலகைக் கணக்கை எழுதினால் எங்களுக்குப் பற்றாக்குறையே இல்லை என்று கோப்பில் தெரியும். நிதியை முடிவுசெய்யும் அலுவலர் கோப்பைத்தான் பார்க்கிறார், கிணற்றை அல்ல. ஆகவே ஒவ்வொரு தொட்டியிலும் கம்பை இறக்கி, எவ்வளவு நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்து குறித்தோம். அந்தக் கருத்துருவில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அந்த ஒரு பக்கம்தான்.

அளப்பதற்குத் துணையாக இருந்தவர் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு குழாய்ப் பொருத்துநர். எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய் எந்த ஆண்டில் பதிக்கப்பட்டது என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வால்வின் அருகே நின்றபோது சொன்னார்: “சார், இத முழுசாத் தொறந்தா பள்ளத்துத் தெரு எல்லாத் தண்ணியையும் இழுத்துக்கும், மேட்டுத் தெருவுக்கு ஏறவே ஏறாது. அரைத் திருகுதான் கணக்கு.” அவ்வாறு வால்வு வால்வாக அவர் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டபோது, நகரத்தின் பற்றாக்குறை எல்லாத் தெருக்களுக்கும் ஒன்றாக இல்லை என்பது தாளில் முதன்முறையாகத் தெரிந்தது. சராசரிக் கணக்கில் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று வரும். மேட்டுத் தெருவில் குடத்தோடு நிற்பவருக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. லாரி எங்கே போக வேண்டும், தெருமுனைத் தொட்டி எங்கே வைக்க வேண்டும் என்பதை நாங்கள் இந்தக் குறிப்பிலிருந்துதான் முடிவுசெய்தோம்.

அந்த ஆண்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் நடக்கவில்லை. நகராட்சிகளில் தனி அலுவலர்களே தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. தீர்மானம் விரைவாகக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் ஒரு தெருவில் மூன்று நாளாகக் குழாய் வரவில்லை என்பதை அவரே அலுவலகத்தில் வந்து உரத்துச் சொல்லியிருப்பார். நூற்றாண்டில் அரிதாக வரும் ஒரு வறட்சியில் அப்படிச் சொல்ல ஊருக்கு ஆளில்லாமல் போனதை நான் இன்றும் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். மக்கள் நேரடியாக எங்களிடம் வந்தார்கள். வர இயலாதவர்களின் தெருக்கள் மனுப் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

என்ன கேட்கலாம் என்பதை வறட்சி நிதியின் இயல்பே முடிவுசெய்துவிடுகிறது. கோடைக்குள் முடிக்கக்கூடிய பணிகளுக்குத்தான் அதில் இடம்: புதிய ஆழ்துளைக் கிணறுகள், பழைய கிணறுகளைச் சுத்தம்செய்து ஆழப்படுத்துவது, பழுதான மோட்டார்களை மாற்றுவது, சிறு மின்விசைப் பம்புகள், தெருமுனைகளில் நெகிழித் தொட்டிகள், குறைந்த நீளத்துக்குக் குழாய் நீட்டிப்பு, வாடகை லாரி. இவற்றுள் ஆழ்துளைக் கிணறு எல்லோருக்கும் பிடித்தமானது. மதிப்பீடு போடுவது எளிது. சில நாட்களில் போட்டு முடிக்கலாம். நீர் பீறிட்டு வருவதைப் படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் எங்கள் பகுதியின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்பு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் தூசிதான் வரும். கிடைத்தாலும், மழை இல்லாத ஆண்டில் அந்த வெடிப்பை நிரப்ப எதுவும் வராது. பக்கத்துத் தெருவில் மக்கள் நம்பியிருந்த கைப்பம்பு அதன்பின் காற்றை இறைக்கத் தொடங்கும். வறட்சியைத் தணிக்க வரும் பணம் நிலத்தடி நீரை மேலும் கீழே தள்ளும் பணிக்கே பெரும்பாலும் செல்கிறது என்பது என் கருத்து. பட்டியலில் ஆழ்துளைக் கிணறுகளைக் குறைத்துப் பழைய திறந்தவெளிக் கிணறுகளைத் தூர்வாரும் பணிகளைச் சேர்க்க நான் வாதாடினேன். ஓரளவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஊரணிகளைச் சேர்க்க முடியவில்லை. எங்கள் நகர எல்லைக்குள்ளேயே தூர்ந்துபோன ஊரணிகளும் ஒரு தெப்பக்குளமும் இருந்தன. அவை நிரம்பியிருந்த காலத்தில் சுற்றுத் தெருக்களின் கிணறுகள் வற்றியதில்லை என்று முதியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஊரணி வருவாய்த் துறைப் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. தெப்பக்குளம் கோயிலுக்கு உரியது, அதாவது இந்து சமய அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும். நகராட்சிக்கு உரிமையில்லாத இடத்தில் நகராட்சி நிதியைச் செலவிட வேண்டுமானால் தடையின்மைச் சான்று பெற வேண்டும். சில வாரங்களில் கருத்துரு போயாக வேண்டிய நிலையில் அந்தச் சான்றுகள் வந்துசேர வழியில்லை. 2017 மார்ச்சில் மாநில அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கிப் பாசன ஏரிகளையும் கண்மாய்களையும் தூர்வார 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. சரியான நேரத்தில் தொடங்கப்பட்ட நல்ல பணி அது. ஆனால் நகரத்துக்குள் இருந்த எங்கள் ஊரணிகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008இல் வகுத்த சேவைத்தர அளவுகோல்களின்படி, கசிவு முதலியவற்றால் கட்டணத்துக்கு வராமல் போகும் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதை ஒரு நகரம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நீரேற்று நிலையத்திலும் ஒவ்வொரு தொட்டியின் வெளிவழியிலும் நீரளவு மானிகள் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த சிலவும் ஓடவில்லை. ஊறி வரும் நீர் குறைந்துகொண்டிருக்கும்போது, வழியில் வீணாகும் நீரை நிறுத்துவதே எல்லாவற்றையும்விட மலிவான புதிய நீராதாரம் என்று குறிப்பில் எழுதினேன். மானிகள் வறட்சிப் பணியில் சேரா, நகராட்சியின் சொந்த நிதியில் செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. விதியைப் படித்த அலுவலர் தவறாக எதுவும் எழுதவில்லை. விதியில்தான் அதற்கு இடமில்லாமல் இருந்தது.

சொந்த நிதி என்பது என்ன? தமிழ்நாட்டு நகராட்சிகளில் குடிநீர், வடிகால் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. வீட்டு இணைப்புகளின் குடிநீர்க் கட்டணமும் வரியில் ஒரு பங்கும் அதில் சேரும். மோட்டார்களுக்கான மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாங்கும் நீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, பராமரிப்பு எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். வறட்சியில் நீர் குறையும், கட்டணம் கட்ட மக்கள் தயங்குவார்கள், லாரிச் செலவு கூடும். பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் அந்தக் கணக்கு மிகவும் மெலிந்திருக்கும். ஆகவே நகராட்சி அரசிடம் மானியம் கேட்பதைக் கையேந்துவதாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை. மாநிலமும் அப்படித்தான் மத்திய அரசிடம் கேட்டது. அந்த வறட்சிக்காகத் தமிழ்நாடு 39,565 கோடி ரூபாய் கோரியது. பேரிடர் நிவாரண விதிகளின்படி கிடைத்தது 1,748 கோடி ரூபாய். மேலே ஏற்பட்ட இந்த இடைவெளி மாவட்டத்துக்கும் நகராட்சிக்கும் இறங்கி வந்தபோது, நாங்கள் பிரித்து எழுதிய பட்டியலில் எந்தப் பணிகள் தங்கும், எவை போகும் என்பதை முன்னுரிமை வரிசையே முடிவுசெய்தது. எங்களுக்கும் கேட்டதில் ஒரு பகுதிதான் வந்தது. தொட்டி நிரம்பும் நேரத்தை அளந்து காட்டிய தெருக்களின் பணிகள் அப்படியே நின்றன. ‘பல்வேறு வார்டுகளில்’ என்று பொதுவாக எழுதியிருந்தவை குறைக்கப்பட்டன.

லாரிகள் ஓடத் தொடங்கியபின் மேட்டுத் தெருவில் ஒரு அம்மா என்னை நிறுத்திச் சொன்னார்: “தம்பி, குறைச்சலா ஊத்துனாலும் பரவாயில்ல. எப்ப வரும்னு மட்டும் சொல்லிருங்க. வேலைக்கும் போகாம குடத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியல.” அவர் கேட்டதற்குப் பணமே தேவைப்படவில்லை. தெருமுனைத் தொட்டிகளின் மேல் நாளும் நேரமும் எழுதினோம். ஓட்டுநர் கொண்டுவரும் நடைச் சீட்டில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்து இருந்தால்தான் பில் தொகை வழங்கப்படும் என்று ஆக்கினோம். எத்தனை கோடி மானியம் வந்தாலும் இதைச் செய்யாத நகராட்சியில் பெண்களின் கூலி நாட்கள் வீணாகிக்கொண்டுதான் இருக்கும். கருத்துருப் படிவத்தில் விநியோக அட்டவணைக்கு ஒரு பத்தி கட்டாயமாக இருக்க வேண்டும் என்று அப்போதே எழுதி அனுப்பினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர மாநில அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜூலை 12 அன்று முதல் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்தது. நாளுக்கு 83 கோடி லிட்டர் விநியோகித்துப் பழகி, அப்போது ஏறத்தாழ 52 கோடி லிட்டரில் தவித்துக்கொண்டிருந்த நகரத்துக்கு அது. செய்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தாகத்தில் இருப்பவர்களுக்கு நீர் போயாக வேண்டும். ஆயினும், கடைசி நேரத்தில் கேட்கப்படும் நிதி எப்போதும் நீரை வெளியிலிருந்து சுமந்து வருவதற்கே செலவாகிறது என்பதை எங்கள் சிறிய ஊரில் கண்டதுபோலவே அங்கும் கண்டேன்.

பிற்காலத்தில் விதிகள் சற்று மாறியிருக்கின்றன. 2021 அக்டோபரில் மத்திய அரசு நகரங்களுக்காகத் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில், ஒவ்வொரு நகரமும் தனக்கு வரும் நீரையும் செலவாகும் நீரையும் கணக்கிடும் நீர்ச் சமநிலைத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று வகுத்தார்கள். நீர்நிலைகளை மீட்பதற்கும் கசிவைக் குறைப்பதற்கும் அதில் நிதி கேட்க இடம் வைத்தார்கள். பதினைந்தாவது நிதிக்குழு எங்களைப் போன்ற நகரங்களுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கியது. இத்தகைய நிதிகளுக்கு வறட்சி அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே இப்போது இத்துறையில் பணியாற்றும் இளம் பொறியாளர்களிடம் நான் கேட்பது, ஆற்றில் நீர் ஓடும் நவம்பரிலேயே கிணறுகளின் நீர்மட்டத்தையும் தொட்டி நிரம்பும் நேரத்தையும் தெரு வாரியாகக் குறித்துவையுங்கள் என்பதும், ஊரணிகளுக்கான தடையின்மைச் சான்றுகளை அந்த மாதங்களிலேயே வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள் என்பதும்தான். அந்தக் குறிப்பேடு இல்லாமல் மார்ச்சில் உட்கார்ந்து மதிப்பீடு போடுபவருக்கு ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் தவிர வேறு எதையும் கேட்க நேரம் இருக்காது.