ஐந்தாவது ஸ்ட்ரிங் கொழகொழவென்று கேட்டால்

ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் கிட்டாரில் தகராறு பெரும்பாலும் தடித்த 'பி' ஸ்ட்ரிங்கில்தான். அதன் அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ். பக்கத்து 'இ' 41. ஸ்ட்ரிங் அதிரும் நீளம் 34 அங்குலமா 35 அங்குலமா என்று வாதாடுவதற்கு முன் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள். 0.125 அங்குலத் தடிமன் தொளதொளவென்றிருந்தால் 0.130 போடுங்கள். கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் அது முழுதாக உட்காராவிட்டால் பள்ளத்தைக் கொஞ்சம் ராவ வேண்டும். மாட்டியதும், உடல் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலுக்குச் சற்று முன்னால் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். ஸ்ட்ரிங் வளைந்து நிற்காமல் நேராகப் படியும், சுருதியும் நிற்கும். நுனியை வெட்டுவதாக இருந்தால் முதலில் 90 டிகிரி மடக்கிவிட்டு வெட்டுங்கள், இல்லையேல் மேல்சுற்றுக் கம்பி பிரிந்து ஸ்ட்ரிங் செத்துவிடும்.

ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவியான பிக்கப் மிக உயரமாக இருந்தாலும் காந்தம் இழுத்து சுருதி தள்ளாடும். 'பி' பக்கத்தை அரை மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். ட்யூனர் திணறினால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்குக் கம்பி) நேர் மேலே ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கில் சுருதி சேருங்கள்.

வாசிக்கும்போது மீட்டும் கையின் கட்டைவிரலைப் பிக்கப்பிலேயே விட்டுவைப்பதுதான் நான்கு ஸ்ட்ரிங் பழக்கத்தின் தொல்லை. 'இ', 'ஏ' வாசிக்கையில் அது 'பி' மேல் இருக்கட்டும். 'டி', 'ஜி'க்குப் போகும்போது 'இ' மேல் இறங்கி, 'பி'யையும் சாய்ந்து தொடட்டும். இல்லாவிட்டால் தொடாத 'பி' தானாக உறுமும்.